முதலாளி யோசித்துக்கொண்டிருந்த படம்

வேலணையில் மீன் ஏற்றி அனுப்பும் கொம்பனி ஒன்றில், சாரதிகளின் முகங்களைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் லோஜனாவுக்கு வேலை. ஆறு லொறிகளிலும் சின்னக் கமரா பூட்டியிருந்தது. லொறி ஓடுகிறவர் இரண்டு விநாடி கண்ணை மூடினால் லொறிக்குள்ளும் அவளுடைய கணினியிலும் மணி அடிக்கும்.

முதலாளி பரராசசிங்கம் அதைப் பூட்டியது சாரதிகள் மேல் இரக்கப்பட்டு அல்ல. கொழும்பில் மீன் வாங்குகிறவர்கள் வற்புறுத்தியதால்தான். "மணி அடிச்சால் அடிக்கட்டும். நீர் ஒருத்தரையும் நிற்பாட்ட வேண்டாம்" என்றார் லோஜனாவிடம். வேலை நேரத்தில் நித்திரை வருவது சோம்பேறிகளுக்குத்தான் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. மத்தியானச் சோற்றுக்குப் பிறகு கதிரையில் சாய்ந்து கிடந்தபடி அதைச் சொல்வார். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் மாதமே லோஜனா அவரை மதிப்பதை விட்டுவிட்டாள்.

ஒரு நாள் காலை, கொழும்பில் மீனை இறக்கிவிட்டு வெறும் லொறியோடு திரும்பிய மயில்வாகனத்துக்குக் கிளிநொச்சியில் மூன்று தரம் மணி அடித்தது. லோஜனா போன் எடுத்தாள்.

"அண்ணை, ஓரமா நிற்பாட்டிப்போட்டுக் கொஞ்சம் படுங்கோ."

"முதலாளி பேசுவார், பிள்ளை."

"அந்தப் பேச்சை நான் வாங்கிறன். நீங்கள் படுங்கோ."

லொறி யாழ்ப்பாணம் வர மத்தியானமாகிவிட்டது. டவுனில் கலியாண வீடொன்றில் மூக்குமுட்டச் சாப்பிட்டிருந்த பரராசசிங்கம் வழியில் மறித்தார். "சாவியைத் தா. நீ பஸ்ஸிலை வா. லொறி எப்பிடி ஓடுறதெண்டு நான் காட்டுறன்."

கடலுக்கு நடுவால் போகும் பண்ணைப் பாலத்தில் ஏறியதும் லோஜனாவின் கணினியில் மணி அடித்தது. முதலாளியின் தாடை நெஞ்சில் கிடந்தது. வாய் திறந்திருந்தது. அவள் போன் எடுத்தாள்.

"எனக்கே எடுக்கிறீரோ?" என்று போனை வெட்டினார். அடுத்த மணி அடித்தபோது லொறி பாலத்தோரக் கல்லணையால் சரிந்து முழங்காலளவு கடலில் நின்றது. மண்டைதீவு மீனவர்கள் அவரை இழுத்தெடுத்தார்கள். ஒரு கீறல்கூட இல்லை.

பின்னேரம் அலுவலகத்துக்கு வந்த பொலிஸ்காரரிடம், "ஆடு ஒண்டு குறுக்கை வந்தது" என்றார் முதலாளி.

இரண்டு பக்கமும் கடல். ஆடு நீந்தி வந்ததாக்கும். லோஜனா கமராப் படத்தைப் போட்டுக் கணினியைப் பொலிஸ்காரர் பக்கம் திருப்பினாள்.

"அது... நான் யோசிச்சுக்கொண்டிருந்தனான்."

"வாயைத் திறந்தோ?" என்றார் பொலிஸ்காரர்.

மறுநாளே முதலாளி கமராக்களைக் கழற்றுவித்து, லோஜனாவையும் வேலையால் நிற்பாட்டினார். அவள் காரணம் கேட்கவில்லை. மயில்வாகனமும் வேறு கொம்பனிக்குப் போய்விட்டார்.

இப்போது அவள் குறிகட்டுவான் இறங்குதுறையில், நயினாதீவுக்குப் படகில் போகிறவர்களுக்குக் குளிர்பானம் விற்கிறாள். பரராசசிங்கம் அந்தப் பக்கம் வந்தால் இன்னமும் எல்லோரும் எழும்பி நிற்கிறார்கள். லோஜனா எழும்புவதில்லை.