மாரியம்மன் மேல் போட்ட பழி

ஆத்தாளை நம்பி வந்திருக்கிற எல்லோருக்கும் வணக்கம். என் மகள் செல்வியின் கண்களை மாரியம்மன் காப்பாற்றிய விதத்தைச் சொல்ல வந்திருக்கிறேன். சொல்லும்போது எனக்கே சில இடங்களில் குமட்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எமர்ஜென்சி சமயம். மல்லசமுத்திரம் பக்கத்தில் எங்கள் தோட்டம். அப்போது நான் முதல் பிள்ளைக்கு மாசமாக இருந்தேன். ஆரம்ப மாதங்கள். லேசான காய்ச்சலோடு முகத்திலும் கழுத்திலும் சிவப்பாகத் தடித்தது. ஆத்தா வந்திருக்கிறாள் என்று வேப்பிலை வைத்தார்கள். சீக்கிரமே இறங்கிவிட்டது. நானும் மறந்துவிட்டேன்.

செல்வி பிறந்தாள். இரண்டு கண்ணிலும் கருவிழி நடுவில் பால் சொட்டியதுபோல் வெள்ளை. பார்க்க வந்தவர்கள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். பச்சைக் குழந்தையிடம் என்ன நாற்றத்தைக் கண்டார்கள்? என் நாத்தனார் அவர்களிடம் சொன்னார்: "ஆத்தா வந்திருந்தப்ப இவ சுத்தபத்தமா இல்லீங்க. அதான் புள்ள கண்ணைப் புடுங்கிட்டா."

அவரே ஒரு வைத்தியனைக் கூட்டிவந்தார். அவன் பச்சிலையை வெற்றிலையோடு மென்று என் குழந்தையின் கண்ணில் துப்பினான். சிவப்பு எச்சில் காதுவரை வழிந்தது. துடைக்கப் போன என் கையை நாத்தனார் தட்டிவிட்டார். கண் வீங்கிச் சீழ் பிடித்தது. இமை ஒட்டிக்கொண்டது. ஈ மொய்த்தது. வெள்ளிக்கிழமை மறுபடி துப்ப வருவதாகச் சொல்லியிருந்தான்.

வியாழன் சாயங்காலம் மாரியம்மன் கோயில் படியில் குழந்தையைக் கிடத்தினேன். "தாயே, உம்பேரைச் சொல்லித்தான் எம்புள்ள மேல துப்புறாங்க. உனக்கு அருவருப்பா இல்லையா? எம்பக்கம் ஒருத்தராச்சும் பேசட்டும்." அவ்வளவுதான் கேட்டேன்.

மறுநாள் அவன் வந்து வெற்றிலையை வாயில் போட்டான். தன் அக்காவுக்கு ஒருநாளும் மறுபேச்சுப் பேசாத என் வீட்டுக்காரர் எழுந்து நின்றார்.

"ஏனுங்க, எந்திரிச்சு வெளிய போங்க."

"தம்பி, ஆத்தா கோவிச்சுக்குவாடா!" என்றார் நாத்தனார்.

"கோவிச்சா நான் பாத்துக்கறேங்க்கா. எம்புள்ள கண்ணுல இனி எவனும் துப்பக்கூடாது."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. வாய் அவருடையது. பேசவைத்தவள் அவள்.

அன்றே சேலத்துக்குப் பஸ் ஏறினோம். ஆஸ்பத்திரியில் கண் டாக்டரம்மா முதலில் என்னைத்தான் விசாரித்தார். மாசமாக இருந்தபோது உடம்பு தடித்ததா என்று கேட்டார். ஆமாங்க என்றேன்.

"அது ஜெர்மன் அம்மைம்மா. மாசமான புதுசுல வந்தா, அந்தக் கிருமி வயித்துப் பிள்ளையோட கண்ணு, காது எல்லாத்தையும் கெடுத்துடும். நீ ஒரு தப்பும் பண்ணல."

அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். சீழ் ஆறியதும் ஒவ்வொரு கண்ணாக ஆபரேஷன் செய்தார்கள். பிறகு கண்ணாடி மாட்டிய அன்று, செல்வி என் மூக்குத்தியைப் பார்த்துக் கை நீட்டினாள்.

ஒரு காது அவளுக்கு இன்றும் கேட்காது. தடித்த கண்ணாடி இல்லாமல் நடக்க முடியாது. ஆனால் முன்பெஞ்சில் உட்கார்ந்து படிக்கிறாள். வெற்றிலையை நான் இன்றும் வீட்டுக்குள் சேர்ப்பதில்லை. ஊரில் யாருக்கு அம்மை போட்டாலும், அந்தப் பக்கம் போகாதே என்று மாசமான பெண்களிடம் போய்ச் சொல்கிறேன். போன மாசியில் நாத்தனார் வீட்டுப் பக்கம் அம்மை போட்டபோது, மாசமாக இருந்த அவர் மருமகளையே தாய்வீட்டுக்கு அனுப்பவைத்தேன். நாத்தனாரே கூடப்போய் விட்டுவந்தார்.

குறையோடு ஒரு பிள்ளை பிறந்தால், அம்மன் தண்டித்தாள் என்று எவர் சொன்னாலும் நம்பாதீர்கள். பிள்ளையின் கண்ணைப் பிடுங்குகிறவள் அல்ல அவள். மனசாரக் கும்பிடுங்கள். கும்பிட்ட கையோடு ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள். அவள் கூடவே வருவாள்.