பாடை மூங்கிலின் நுனியில் அண்ணன் செய்த தூண்டில்

எங்கள் அண்ணன் போய் இன்றோடு ஓராண்டு ஆகிவிட்டது. அவர் பிறந்தது வலங்கைமான் பக்கம், குடமுருட்டிக் கரைத் தெருவில். அப்பா, அம்மா, அண்ணன் மூவருக்கும் மிராசுதார் வயலில்தான் வேலை. தங்கை நான் சிறியவள்.

கூலிப் போராட்டம் நடந்த வருஷம், சம்பா அறுவடைக்கு எங்கள் தெரு வயலில் இறங்கவில்லை. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டோம். புது ஆட்சி பேசி முடிக்கும் என்றார்கள். பேச்சு இழுத்தது. அதற்குள் அப்பா காய்ச்சலில் இறந்துவிட்டார்.

மூங்கில் கொல்லை மிராசுதாருடையது. ஒரு குச்சி ஒடித்தாலும் திருட்டு வழக்கு வரும். சாவுக்கு வெட்டினால் மட்டும் தடுக்கமாட்டார்கள். அது ஊர் வழக்கம். பாடைக்கு அடிமூங்கிலை எடுத்துக்கொண்டு நுனியைக் கழித்துப் போட்டார்கள். அண்ணன் அந்த நுனியை வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

கருமாதிக்குள் அது நிழலில் காய்ந்தது. வைக்கோல் தீயில் வாட்டி, முழங்காலில் வைத்துக் கோணல் எடுத்தார். கணுக்களை உடைந்த கண்ணாடியால் சுரண்டி, வேப்பெண்ணெய் தடவினார். மிதப்புக்குக் குளத்து நெட்டி. தூண்டில் முள்ளும் நரம்புக் கயிறும் கடைத்தெருவில் கடை வைத்திருந்த பாய் சும்மா கொடுத்தார்.

கருமாதிக்கு மறுநாள் வீட்டில் அரிசி இல்லை.

"நாளைக்கு நான் பழைய கூலிக்கே எறங்கிடுறேன்டா" என்றார் அம்மா.

அண்ணன் தூண்டிலை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போனார். விராலோடு வந்தார். அம்மா அதைத் தொடவில்லை.

"ஒங்கப்பனத் தூக்குன மூங்கிடா அது. அதுல வந்தத எப்படிடா அடுப்புல ஏத்துவேன்?"

"தூக்குனது அடிக்கழிம்மா. இது நுனி. அப்பா இதுல படுக்கல."

அடுத்த வீட்டுப் பெரியம்மா வந்து மீனைப் பிடுங்கி, தானே குழம்பு வைத்தார்.

"ஏண்டி, மீனு என்னா பாடையிலயா படுத்திருந்துச்சு? தண்ணியிலதான கெடந்துச்சு. மொதல்ல நான் திங்கிறேன். செத்தா நீ திங்காத."

ஒரு துண்டை வாயில் போட்டார். நாங்கள் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

"ஒண்ணும் ஆவலடி. உப்புதான் கம்மி."

அம்மா சிரித்துவிட்டார். அப்பா போனபிறகு அன்றுதான் சிரித்தார். எல்லோரும் சாப்பிட்டோம். மறுநாள் அம்மா வயலில் இறங்கவில்லை. கேட்ட கூலி வரும்வரை எங்கள் தெருவில் யாரும் இறங்கவில்லை. அதுவரை அண்ணன் தினமும் ஆற்றுக்குப் போனார். பிள்ளைகள் இருந்த வீடுகளுக்கும் மீன் போனது.

பின்னாளில் நில உச்சவரம்புச் சட்டத்தில் பிரித்துக் கொடுத்த நிலத்தில் அண்ணனுக்கும் கொஞ்சம் பட்டா கிடைத்தது. அதில் விளைந்ததில்தான் எனக்குக் கல்யாணம் செய்துவைத்தார். அதிகம் பேசமாட்டார். யாரையும் கடிந்ததில்லை.

படுக்கையில் கிடந்த அண்ணனுக்குக் கடைசிவரை ஊட்டிவிட்ட அவர் மருமகளுக்கும், ஆஸ்பத்திரிக்கு ஓடிய தெருப் பிள்ளைகளுக்கும், பாய் வீட்டாருக்கும், பெரியம்மா வீட்டாருக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன்.

அண்ணன் யாரையும் வெறும் வயிற்றோடு அனுப்பியதில்லை. இன்று வந்தவர்கள் எல்லாரும் இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும்.