பக்கம் மாறியதும் காணாமல் போன இருமல்

சென்னீர்குப்பத்தில் ஒரு சிறிய மருத்துவமனைக்கு நோயாளிகளின் விவரங்களை எழுதிவைக்க எங்கள் அலுவலகம் இணையச் செயலி ஒன்று செய்து கொடுத்திருந்தது. எழுதியதெல்லாம் அழிந்துபோகிறது என்று அங்கிருந்த நர்ஸ் ஓயாமல் போன் செய்தாள். "நம்மகிட்ட நல்லாத்தானே ஓடுது" என்று டீம் லீட் கைகழுவிவிட்டார். நானே கிளம்பினேன். அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி வரை பஸ்ஸில் நின்றபடி, பிறகு ஷேர் ஆட்டோ. போய்ச் சேரும்போதே அலுத்துப்போயிருந்தது.

நர்ஸ் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தேன். எதிரே வயதான கடைக்காரர் ஒருவர், மூச்சிரைக்கத் தன் இருமலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் தட்டச்சு செய்துகொண்டே வந்தாள். உள்ளேயிருந்து டாக்டர், "பழைய எக்ஸ்ரே ரிப்போர்ட்ல என்ன இருக்கு?" என்று கேட்டார். அவள் அடுத்த பக்கத்துக்குப் போய், படித்துச் சொல்லிவிட்டுத் திரும்பினாள். கட்டங்கள் எல்லாம் காலி.

"பாத்தீங்களா மேடம்? அந்தாண்ட போய்ட்டு வந்தா அல்லாமே பூடுது." பிறகு அவரிடம், "பாய், எப்பலேர்ந்து இருமல்னு சொன்னீங்க?"

"இன்னாம்மா, இப்பத்தானே சொன்னேன்? பேசவே முடியல."

இருந்தாலும் மறுபடி முதலிலிருந்து சொன்னார், வார்த்தைக்கு வார்த்தை நிறுத்தி. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேறு பக்கத்தைத் திறந்ததும் முந்தைய பக்கத்தை எங்கள் நிரல் அடியோடு கலைத்துவிடும். திரும்பி வந்தால் புதிதாகக் கட்டும். எழுதியது பழைய பக்கத்தோடு போய்விடும். கலைக்காமல் மறைத்து மட்டும் வைக்கும்படி மாற்றினேன். அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

சில நாளிலேயே மறுபடி போன். "மேடம், இப்ப வேற மாரி கீது. ஜொரத்தோட வந்த கொயந்தைக்குத் தொறந்தா, பாயோட இருமல் உள்ள கீது."

அவசரமாகக் கேட்டேன்: "டாக்டர் பார்த்துட்டாரா?"

"இல்ல, நானே பாத்து அழிச்சிட்டேன். வேற யாராச்சும் கவனிக்காம உட்டா இன்னா ஆவும்?"

லீட், "இன்னும் முடியலையா?" என்றார். மறைத்து வைத்த பக்கமே அடுத்த நோயாளிக்கும் திறந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு நோயாளிக்கும் எழுதியதைத் தனித்தனியாக வைத்து, அவரவர் பக்கம் திறந்தால் மட்டும் திருப்பித் தரவேண்டும். பார்த்து முடித்ததும் திரையிலிருந்து எடுத்துவிடவேண்டும். எழுதி, சோதித்து, மறுபடி எழுதியதில் கண் எரிந்தது.

சரிபார்க்க மீண்டும் போனேன். ஒரு பெண்ணின் முதுகுவலியைப் பாதி எழுதிய நர்ஸ், ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து எழுதினாள்.

"இப்போ சரியா இருக்கா?" என்றேன்.

"இன்னாது மேடம்?" என்று விழித்தவள், "ஓ, அதுவா! நல்லா கீது" என்று சொல்லி அடுத்தவரைக் கூப்பிட்டாள்.

அவள் அதை மறந்தே போயிருந்தாள். எனக்கு அது போதுமாயிருந்தது. திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது, உட்கார்ந்ததும் தூங்கிப்போனேன்.