வெள்ளை பூத்த வயல்

ஊரில் அவளுக்குப் பேர் உப்பளத்தக்கா. உப்பு விற்பவள் இல்லை, தையல்காரி. பேர் வந்தது அவள் வயலால். அதில் எதை விதைத்தாலும் விரல் நீளம் எட்டிப் பார்த்துவிட்டு நுனி கருகிப் போகும். வெயில் ஏறினால் மண்மேல் வெள்ளை பூக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ போர்வையைக் காயப்போட்டுவிட்டு மறந்துபோன மாதிரி இருக்கும்.

அதை யார் தலையிலாவது கட்டிவிட்டால் போதும் அவளுக்கு. டவுனில் அவளுடைய சிநேகிதி தையல்கடை வைத்திருக்கிறாள். ஜன்னலோரம், நல்ல வெளிச்சம் விழுகிற இடத்தில், இவள் மெஷினுக்கென்று ஓர் இடம் காலியாகக் கிடக்கிறது. ஆனால் மில்லில் பகல் காவல் பார்க்கும் கணவன் பிடித்த பிடியை விடவில்லை. "வயல் வித்தா வரேன். விக்காம வந்து டவுன்ல எங்க குடியிருக்கிறது, உன் தையல் மெஷின் மேலயா?"

வாங்க வந்தவர்களை அவள் சாப்பாட்டு நேரத்தில் நடித்துக் காட்டுவாள். ஒருவர் தொண்டையைச் செருமுவார்: "எடம் நல்லாத்தான் இருக்கு... வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன்." இன்னொருவர் செருப்பு நுனியால் மண்ணைக் கீறிவிட்டு, "இது நெலமா, பல்பொடியா?" என்பார். கணவன் சிரித்துப் புரையேறித் தண்ணீர் குடிப்பான்.

இந்த முறை வரப்போகிறவர் பால்பண்ணைக்காரர். மாட்டுத் தீவனம் போட நிலம் தேடுகிறார், இந்த வயலை இன்னும் பார்த்ததில்லை. அவர் வருவதற்கு முதல் நாள் மத்தியானமே, கணவன் மில்லில் இரண்டு நாள் லீவு சொல்லிவிட்டு வர, இருவரும் மண்வெட்டியோடு இறங்கி வெள்ளையைச் சுரண்டத் தொடங்கினார்கள். பக்கத்து வயல் ஓரகத்தியுடையது. அவள் ஆட்டைப் பிடித்துக்கொண்டு வரப்பில் நின்றாள்.

"என்ன தங்கச்சி, வயலுக்குச் சவரமா?"

"ஆமாக்கா. பெரிய மனுசர் வர்றாரு."

"பவுடர அழிச்சா மூஞ்சி மாறிடுமாக்கும்."

சுரண்டியும் மண் வெளிறித்தான் இருந்தது. அப்போதுதான் தையல்காரிக்கு அந்த யோசனை வந்தது. சுருங்கிய துணியில் நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்து இஸ்திரிப் பெட்டியை ஓட்டினால் துணி புதுசாகிவிடும். மண் மட்டும் என்ன மட்டமா?

"துணிக்குத் தெளிக்கிற மாதிரி பூவா தெளிங்க. சகதியாக்கிடாதீங்க" என்றாள்.

குடம் குடமாகச் சுமந்து தெளித்தார்கள். பொழுது சாய்கிற நேரத்தில் வயல் கறுகறுவென்று கிடந்தது. கணவன் இடுப்பில் கைவைத்து நின்றான். "இப்பிடியிருந்தா நானே வாங்கிடுவேன் போலிருக்கே."

காலையில் பால்பண்ணைக்காரரின் பைக் வந்து நின்றபோது வெயில் நன்றாக ஏறியிருந்தது. வயல் முழுக்க வெள்ளை. அவள் அந்த வயலில் அத்தனை வெள்ளையைப் பார்த்ததே இல்லை.

பால்பண்ணைக்காரர் மூக்கால் பேசுகிறவர். எதைச் சொன்னாலும் 'சரிதானே' என்று முடிச்சுப் போடாமல் விடமாட்டார். மண்ணை ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தார். "நேத்து மேலாக்கத் தண்ணி தெளிச்சிருக்கீங்க, சரிதானே?"

கணவன் வானத்தைப் பார்த்தான்.

"மேல நனைச்சா அடியில இருக்கிற உப்பு அந்த ஈரத்தப் புடிச்சு ஏறிவரும். தண்ணி காஞ்சுபோகும், உப்பு நின்னுபோகும். சரிதானே?"

போச்சு என்று அவள் நினைத்தாள். ஆனால் அவர் பைக் பக்கம் போகாமல் வரப்போரம் போனார். ஓரகத்தியின் ஆடு மேய்ந்து மிச்சம் வைத்த புல் அங்கே உப்பைப் பற்றிக் கவலைப்படாமல் பச்சையாக நின்றது. ஒன்றைப் பிடுங்கி மென்றார்.

"வயல் எனக்கு வேண்டாம். இந்தப் புல்ல வயல் பூரா நட்டுவிடுங்க, தெனமும் அறுத்து வைங்க, வண்டி அனுப்புறேன். வைக்கோலோட கலந்துதான் போடணும். தனியாப் போட்டா உப்புக்கு மாடு தொட்டித் தண்ணிய பூரா குடிச்சிடும். கீழ்ப்பக்கம் இடுப்புக்கு மேல ஆழமா வடிகால் வெட்டுங்க. வயல் நெறையத் தண்ணி கட்டி, உப்பக் கரைச்சு வெளிய ஓட்டுங்க. மண்ணு திருந்தினா நானே வாங்கிக்கிறேன். சரிதானே?"

"எப்பங்க திருந்தும்?" என்றாள்.

"ரெண்டு மூணு மழைக்காலம் போகட்டும்மா."

"சரிதான், சரிதான்" என்றான் கணவன், முகமெல்லாம் பல்லாக. பைக் போனதும் திரும்பினான். "பாத்தியா, ஆள் சிக்கிட்டாரு."

"சிக்கினது அவரா?" என்றாள். "தெனமும் யாருங்க அறுக்கிறது?"

அவன் மில் தொப்பியை எடுத்துத் தூசி தட்டினான். அதுதான் பதில்.

வேறு ஆளைத் தேடலாமென்றால் வருகிறவனுக்கும் கண் இருக்கும். வயலைப் பாதியில் விட்டுப் போனால் மண் திருந்தாது, மண் திருந்தாமல் வயல் விற்காது, விற்காமல் இந்த மனுசன் நகரமாட்டார். அவள் எந்தப் பக்கம் நினைத்துப் போனாலும் அந்த வரப்பிலேயே வந்து நின்றாள்.

சிநேகிதிக்கு போன் போட்டாள்.

"மழைக்காலக் கணக்கெல்லாம் சொல்றியேடி" என்றாள் சிநேகிதி. "நான் அதுவரைக்கும் ஜன்னலப் புடிச்சுக்கிட்டா நிக்கிறது? பட்டன் தைக்கிற பொண்ணு வேற அந்த எடத்தக் கேட்டுக்கிட்டே இருக்கா."

இவள் போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"குடுத்துடவா?"

"குடு. வெளிச்சம் இடப்பக்கமிருந்து விழற மாதிரி மெஷினத் திருப்பிப் போடச் சொல்லு. இல்லேன்னா ஊசிமேல கை நிழல் விழும்."

அந்த வாரமே வடிகால் வெட்டத் தொடங்கினாள். விடிந்ததும் கணவன் கொஞ்ச நேரம் கடப்பாரை போட்டுவிட்டு மில்லுக்குப் போவான். மிச்சம் அவளுக்கு. ஆழம் பார்க்கத் தையல் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். பள்ளம் சாலையோரம் போனது. ஒருநாள் அதற்குள் குனிந்து அவள் மண்ணை வாரிக்கொண்டிருந்தபோது டவுன் பஸ் வந்து நின்றது. அவளுக்குச் சக்கரம் மட்டும்தான் தெரிந்தது.

"உப்பளத்தக்கா, டேப்போட நிக்கிறீங்க. கடைக்கா? ஏறுங்க" என்று கண்டக்டர் குரல் கொடுத்தான்.

"இங்கயே அளவெடுக்கிற வேலை கெடக்குப்பா. நீ போ."

விசில் கேட்டது. சக்கரம் உருண்டது. புழுதி பள்ளத்துக்குள் இறங்கி அவள் தலையில் படிந்தது. காலடியில் உப்புத் தண்ணீர் கசிந்து, நூல் மாதிரி சாலைப் பக்கமாக ஓடத் தொடங்கியிருந்தது. அவள் டேப்பை இழுத்துப் பிடித்துப் பார்த்தாள். ஆழம் இன்னும் ஒரு சாண் வேண்டியிருந்தது. மண்வெட்டியை எடுத்துக் குனிந்தாள்.