சேத்துக்காவின் வெள்ளை மேடு

‘கழிவு அகற்றுநர், இரண்டாம் நிலை. கனமான வேலைக்கு ஏற்ற உடலமைப்பு இல்லை. சுயமாக முடிவெடுக்கும் தேவை இப்பணியில் எழாது.’ காகித ஆலையின் பணிப்பதிவேடு இப்படித்தான் சொல்கிறது. எழுதியவர் இவரை நேரில் பார்த்ததில்லை போலும். இருபது வருடமாக எதையும் மனசார அகற்றியறியாத இந்தப் பெண்மணி, இப்போதும் ஆலையின் பின்புறத்தில் தன்னைப்போல் இரண்டு மடங்கு உயரமான மேட்டின்மேல் ஏறி நின்று, மண்வெட்டியால் சேற்றைப் புரட்டிக்கொண்டிருக்கிறார்.

மரத்தைக் காரநீரில் வேகவைத்துத்தான் கூழாக்குகிறார்கள். அந்தக் காரத்தை மறுபடி பிரித்தெடுக்கும்போது அடியில் தங்குவது சுண்ணாம்புச் சேறு. ஆலைக்கு அது தலைவலி, இவருக்குச் சொத்து. அதனால் வாயிற்காவலர் முதல் மேனேஜர் வரை எல்லோருக்கும் இவர் ‘சேத்துக்கா’.

இவருடைய மூக்குக்கண்ணாடிக் கூட்டில் கண்ணாடி இருக்காது. நிறம் மாறும் சோதனைத் தாள் இருக்கும். புளிப்பென்றால் சிவப்பு, காரமென்றால் நீலம், இரண்டும் இல்லையென்றால் பச்சை. மழைநீர், கேன்டீன் தேநீர், விருந்துக்குப் போன வீட்டுச் சோப்பு நுரை, எதுவும் தப்பியதில்லை. “மேனேஜர் பேச்சை மட்டும் நனைச்சுப் பாக்க முடியல. அதான் ஒரு குறை” என்பார்.

இவருடைய தங்கைக்கு மூன்று ஏக்கர் நிலம் இருக்கிறது, மூடிப்போன நிலக்கரிச் சுரங்கத்துக்குக் கீழே. சுரங்கத்திலிருந்து கசியும் துருநிறத் தண்ணீர் மண்ணையே புளிக்க வைத்துவிட்டது. விதைத்தது எதுவும் விளையவில்லை. தங்கைக்கு அந்த இடத்தை விட்டு நகர மனமில்லை. தங்கை கணவருக்கு அங்கே இருக்க மனமில்லை. புளிப்பைக் காரம் அடக்கும் என்று சேத்துக்கா சொல்லி, இரண்டு வருடத்துக்கு முன் அன்றன்றைய சேற்றைச் சுடச்சுடக் கொண்டுபோய் இறைத்தார். சரியாகக் கழுவப்படாத காரம் அதில் மிச்சம் இருந்தது. இரண்டு பாத்தி அவரை நாற்று கருகிப்போயிற்று.

தங்கை கணவர் விடுவாரா? “புளிச்சுக் கெடந்த மண்ணை வேகவும் வச்சுட்டீங்கக்கா. இனி தாளிக்கிறது ஒண்ணுதான் பாக்கி.”

“தப்பு சேத்து மேல இல்ல தம்பி. என் அவசரத்து மேல.”

“இன்னும் ஒரே ஒரு வெதைப்பு. அதுவும் வரலன்னா நிலத்தைக் கைமாத்திட்டு டவுனுக்குப் போயிடுவோம். ஆள்கிட்டப் பேசியாச்சு.”

அன்றிலிருந்துதான் இந்த மேடு. ஒரு மழைக்காலம் முழுக்க நனையவிட்டு, வாரம் தவறாமல் புரட்டி, மிச்சக் காரத்தை மழையாலேயே கழுவினார். கேடான உலோகம் ஏதும் இருக்கிறதா என்று ஆய்வுக்கூடத்துப் பெண்ணை நச்சரித்துச் சோதிக்க வைத்தார். ‘இல்லை’ என்று கையெழுத்தோடு வாங்கிய பிறகுதான் லாரி கேட்டார்.

யார்டு சூப்பர்வைசர் குறுக்கே நின்றார். “வெளிய கொட்டத்தானே சொல்லியிருக்கு? வயல்ல கொட்டச் சொன்னது யாரு?”

“எங்க கொட்டணும்னு எழுதியிருக்கா சார்? காட்டுங்க, அங்கயே கொட்டுறேன்.”

விதிப் புத்தகத்தை அவர் முன்னும் பின்னும் புரட்டினார். ‘ஆலை எல்லைக்கு வெளியே’ என்பதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. ஆய்வுத் தாளை இரண்டு முறை படித்துவிட்டு, கேட் சீட்டில் கையெழுத்துப் போட்டார்.

பதினெட்டு நாள் விடுப்பு. முப்பது டன் சேறு. கனமான வேலைக்கு ஏற்ற உடம்பு இல்லாதவர் கூடை கூடையாகச் சுமந்தார். தங்கை கணவர் வாசற்படியில் கைகட்டி உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். தங்கைதான் மூன்றாம் நாள் வந்து பக்கத்தில் நின்றாள்.

“அக்கா, இதுவும் வெந்துபோச்சுன்னா?”

“வெந்தா உன் சாமானை நானே கட்டித் தரேன்டி. அதுவரைக்கும் கூடையைப் புடி.”

உழுது, ஒரு மழை பெய்து முடிந்ததும், சோதனைத் தாளைத் தங்கை கணவர் கையிலேயே கொடுத்தார். நான்கு மூலையிலும் மண்ணெடுத்துக் கரைத்து அவரே நனைத்தார். நான்கும் பச்சை.

“தாளு கெட்டுப்போயிருக்குமோ?”

“சுரங்கத்துக் கால்வாய்த் தண்ணில நனைச்சுப் பாருங்களேன்.”

நனைத்தார். ரத்தச் சிவப்பு. தாளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய் விதை மூட்டையைப் பிரித்தார். நிலம் வாங்க வருபவரை மட்டும் வேண்டாமென்று சொல்லவில்லை. பத்து நாள் கழித்து வரச்சொன்னார்.

ஒன்பதாம் நாள் காலை மூன்று ஏக்கரும் வரிவரியாக முளைத்திருந்தது. தங்கை வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். தங்கை கணவர் நிலம் வாங்க இருந்தவருக்குப் போன் போட்டு, “வர வேணாங்க, நாங்க எங்கயும் போகல” என்று யாரையோ திட்டுகிற குரலில் சொன்னார்.

சேத்துக்கா வரப்பில் குந்தி ஒரு நாற்றைப் பிடுங்கினார். வேரின் நுனியைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். கருகல் இல்லை. அதே குழியில் திரும்ப நட்டு, சுற்றிலும் மண்ணை விரலால் அழுத்திவிட்டார்.