சர்க்கார் காட்டு ஆவாரம்

கல்யாணமாகி வந்த புதிதில் அந்த வீட்டில் என்னிடம் சிரித்துப் பேசியவள் என் நாத்தனார் ஒருத்திதான். புருஷன் செத்துத் தாய்வீட்டோடு வந்துவிட்டவள். தோல் பதனிடும் வாணியம்பாடி ஷாப்புகளுக்கு ஆவாரம் பட்டை எவ்வளவு போட்டாலும் போதாது. நாங்கள் இரண்டு பேரும் தரிசாகக் கிடந்த கரம்பில் செடி வெட்டி, விளாரைக் கல்லில் வைத்துத் தட்டி, பட்டையை உரித்துக் கட்டுவோம். நடுவில் ஒரு கொத்துப் பூவை ஒடித்து என் தலையில் செருகி, "இப்பத்தான் பொண்ணு மாதிரி கீறே" என்பாள். கூடப்பிறந்தவள் இல்லாத குறை எனக்குத் தீர்ந்தது.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. கரம்பெல்லாம் மொட்டை. என் புருஷன் சாப்பிட்டுக்கொண்டே, "சர்க்கார் காட்டுல ஒரு சரிவு பூரா ஆவாரம் கீது. அக்காவுக்கு எடம் தெரியும், போய்ட்டு வாங்க" என்றார். "காவல்காரன் புடிச்சா?" என்றேன்.

"நான் கீறேன் இல்ல?" என்று நாத்தனார் என் கையைப் பிடித்தாள். போனோம்.

கட்டுக் கட்டும் நேரத்தில் காட்டுக் காவல்காரர் வந்து நின்றார். "யாரு யாரைக் கூட்டினு வந்தது?"

நாத்தனார் என் பக்கம் திரும்பவே இல்லை. "இவதான் சாமி. வாணாம் வாணாம்னு தலபாடா அடிச்சிக்கினேன், கேக்கல."

 காவல்காரர் அவளைப் போகச் சொல்லிவிட்டு, என்னை மட்டும் ஊர்ச் சாவடிக்கு நடத்திக்கொண்டு போனார். தெருவே வேடிக்கை பார்த்தது. பொழுது சாயத்தான் விட்டார்கள்.

வாசலிலேயே மாமியார் மறித்தாள். "திருட்டுப் பட்டம் வாங்கினவ உள்ள வராதே!"

உள்ளே நின்றிருந்த புருஷனைப் பார்த்து, "நீங்கதானே போகச் சொன்னீங்க? சொல்லுங்க" என்றேன்.

அவர் அக்காவைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். "எனக்கு இன்னா தெரியும்?" என்றார்.

மறுநாள் பள்ளிகொண்டாவில் இருந்த என் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்று மாசம் கழித்து அவர் கூப்பிட வந்தார். "அக்காவுக்கு வேற போக்கிடம் இல்லம்மே, அதான்."

"எனக்கு இருந்துச்சா?"

அவர் என் துணி மூட்டையை எடுத்துக்கொண்டார். என் வயிற்றில் பிள்ளை இருந்தது. அவர் பின்னால் நடந்தேன்.

அதற்கப்புறம் எத்தனையோ வருஷம் ஒரே அடுப்பில் பொங்கித் தின்றோம். நாத்தனார் படுக்கையில் விழுந்தபோது நான்தான் பார்த்துக்கொண்டேன். அன்றைக்குக் காட்டில் சொன்னது பொய் என்ற அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிடுவாள் என்று தினமும் பக்கத்தில் உட்கார்ந்தேன். கடைசியாக அவள் வாய் திறந்து சொன்னது, "கஞ்சியில உப்பு ஜாஸ்தி."