மடத்தில் அடுக்கிய மூன்று கல்

சாமியிடம் கேட்பதற்கும் ஒரு சாமர்த்தியம் வேண்டும். ஏழு வயதில் எனக்கு அது சுத்தமாக இல்லை.

நாங்கள் அப்போது ஷார்ஜாவில் இருந்தோம். நாங்கள் என்றால் அம்மாவும் நானும். அப்பா அபுதாபிக்கு மேற்கே ஒரு தீவில் ஃபோர்மேன். அங்கே இடிந்து கிடந்த பழங்காலக் கிறிஸ்தவத் துறவி மடத்தைப் பாதுகாக்க வேலியும் கூரையும் போடுகிற வேலை. கேம்ப்பிலேயே தங்கல். மாதம் ஒருமுறை வருவார், வந்த களைப்பு தீருவதற்குள் கிளம்பிவிடுவார்.

ஒரு வெள்ளிக்கிழமை எங்களைக் கூட்டிப்போக அவருக்கு அனுமதி கிடைத்தது. படகில் போய் இறங்கினோம். இடுப்பளவுச் சுவர்கள், சின்னச் சின்ன அறைகள்.

"பொண்டாட்டி புள்ள இல்லாம ஒத்தையா இருந்து சாமி கும்பிட்டவங்க ரூமு இது" என்றார் அப்பா.

"உங்க கேம்ப் மாதிரின்னு சொல்லுங்க" என்றாள் அம்மா. அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

நான் ஓர் அறைக்குள் நழுவினேன். ஊருக்குப் போனால் மலைக்கோயில் படியோரம் கல்மேல் கல் அடுக்கி வீடு வேண்டிக்கொள்வோம். இதுவும் சாமி இடம்தானே! தரையில் கிடந்த கற்களுக்குப் பக்கத்தில் எண் எழுதிய அட்டைகள் இருந்தன. இடைஞ்சலாக இருந்த அட்டைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, வாகான மூன்று கல்லை எடுத்து அடுக்கினேன். அப்பா, அம்மா, நான். மூன்று பேரும் ஒரே வீட்டில் இருக்கணும் சாமி.

பத்தே நாளில் அப்பா பெட்டியோடு வந்து நின்றார். ஆராய்ச்சிக்காரர்கள் எண் போட்டு வைத்த கற்கள் இடம் மாறிய பழி தன் தலையில் விடிந்து வேலை போனதை அடுப்படியில் அம்மாவிடம் சொன்னார். "கலாஸ், எல்லாம் முடிஞ்சுது, இனிமே இங்கதான்" என்றது மட்டும்தான் என் காதில் ஏறியது. நான் குதித்த குதியில் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து கதவைத் தட்டினார்.

அதன்பிறகு தினமும் அப்பாதான் எனக்குத் தலை பின்னிவிட்டார், கோணல்மாணலாக. ஒருநாள் பூரிப்புத் தாங்காமல் கல் அடுக்கிய கதையைச் சொல்லிவிட்டேன். பின்னிக்கொண்டிருந்த கை நின்றது.

"அம்மாகிட்ட சொல்லாத தங்கம். வேண்டுதல வெளிய சொன்னா பலிக்காது" என்று மறுபடி பின்னத் தொடங்கினார்.

நான் மூச்சுவிடவில்லை. கோடை விடுமுறைக்கு அம்மாவும் நானும் மட்டும் ஊருக்கு வந்தோம். அப்பாவுக்குச் சவுதியில், தம்மாமில் வேலை கிடைத்தது, மறுபடியும் கேம்ப். நாங்கள் திரும்பிப் போகவே இல்லை. உள்ளூர்ப் பள்ளியில் என்னைச் சேர்த்தார்கள்.

அப்பாவை நினைத்து அழுத நாட்களில் எல்லாம் அந்த மடத்துச் சாமியைத்தான் திட்டினேன். நான்தான் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லையே, பிறகு ஏன் பாதியில் கைவிட்டாய் என்று.